சாலைக்குள் இருப்பது எடைமேடை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில சிக்னல்களில் நிறுத்தக் கோட்டுக்கு முன்னால் தார்ச்சாலையைச் சதுரமாகக் கீறி, கறுப்புப் பசை ஊற்றி மூடியிருப்பார்கள். வண்டியின் எடை அழுத்தினால்தான் பச்சை விழும் என்று நினைத்து, பைக்கில் உட்கார்ந்தபடியே அதைக் காலால் மிதித்துப் பார்ப்பவர்கள் உண்டு. எடைக்கு அங்கே வேலையே இல்லை.

கீறலுக்குள் கிடப்பது சில சுற்றுச் செம்புக் கம்பி, அவ்வளவுதான். அதில் சுமார் 10 முதல் 200 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்ணில் மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். வண்டியின் அடிப்பக்க உலோகம் மேலே வந்ததும் அதில் சுழல் மின்னோட்டம் எழுந்து, சுருளின் காந்தப்புலத்தை எதிர்க்கும். சுருளின் மின்தூண்டல் அளவு (இண்டக்டன்ஸ்) கொஞ்சம் குறையும், அதிர்வெண் கூடும். ஓரத்துப் பெட்டியில் உள்ள டிடெக்டர் கார்டு இதைக் கண்டுகொண்டு 'வண்டி வந்தாச்சு' என்று விளக்குகளை மாற்றும் கன்ட்ரோலருக்குச் சொல்கிறது. அதனால்தான், சேஸிஸ் உயரமாக உள்ள லாரியைவிடத் தரையை ஒட்டி ஓடும் சின்னக் கார் பலமாகத் தெரிகிறது!

சைக்கிளும் பைக்கும் சதுரத்தின் நடுவில் நின்றால் சுருளுக்குத் தெரியாமலே போகலாம். கீறல் கோட்டின் மேலேயே சக்கரத்தை நிறுத்துவது நல்லது. புதிதாக அமைக்கும் இத்தகைய சிக்னல்கள் சைக்கிளையும் உணர வேண்டும் என்று கலிஃபோர்னியா 2007-இல் சட்டமே இயற்றியது. லேன் பார்க்காமல் எல்லா வண்டியும் கலந்து ஓடும் நம் சாலைகளுக்காக, பெரிய சுருளுக்குள் சிறு சுருள்களை வைத்து சைக்கிள் முதல் பஸ் வரை பிரித்தறியும் அமைப்பைச் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்டார்கள்.

நான் எழுத வந்தது வேறு. இந்தக் கம்பி சில அங்குல ஆழத்தில்தான் இருக்கிறது. பழைய தாரைச் சுரண்டும் மில்லிங் இயந்திரம் ஒருமுறை போனால் அறுந்தது அறுந்ததுதான். சுரண்டாமல் மேலேயே புதுச்சாலை போட்டாலும் சுருள் ஆழத்துக்குப் போய், இருசக்கர வண்டிகள் தட்டுப்படுவது குறையும். குடிநீர்க் குழாய்க்கும் கேபிளுக்கும் தோண்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அறுந்தது யாருக்கும் தெரியாது என்பதுதான் வேடிக்கை. கம்பி துண்டானால் பல டிடெக்டர்கள் 'வண்டி நிற்கிறது' என்றே தொடர்ந்து சொல்லும்படி வைத்திருப்பார்கள்; யாரும் சிவப்பிலேயே மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு ஏற்பாடு அது. விளைவு, காலியான கிளைச்சாலைக்கு முழுப் பச்சை, பிரதான சாலையில் நீண்ட வரிசை. பார்ப்பவர்கள் 'டைமர் சரியில்லை' என்று போய்விடுகிறார்கள்.

சாலை போடுவது ஒரு துறை, சிக்னல் இன்னொரு துறை. எனவே சாலை டெண்டரிலேயே இதை எழுத வேண்டும்: வேலைக்கு முன் சுருள்கள் இருக்கும் இடத்தைச் சிக்னல் பிரிவு குறித்துத் தர வேண்டும்; அறுத்தால் ஒப்பந்ததாரரே புதிதாகப் பதித்து, மெக்கர் என்ற கருவியை வைத்து, கம்பியிலிருந்து மின்சாரம் தரைக்குக் கசியாமல் இருக்கிறதா என்று காப்புத்தடை பார்த்து, ஒரு சைக்கிளையும் ஓட்டிக் காட்ட வேண்டும். அதன் பிறகே பில் பாஸாக வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின் பராமரிப்புப் பணியாளர்,
கோயம்புத்தூர்.