நீலச் சட்டை, கூஸ்பெர்ரி வலை, ஒரு ஷில்லிங்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சிறுவர் பக்கத்தில் பீட்டர் முயல் கதையைச் சுருக்கி வெளியிட்டு, பக்கத்திலேயே அதை எழுதி வரைந்த பியாட்ரிக்ஸ் பாட்டர் பற்றிப் பெட்டிச் செய்தி ஒன்றும் போட்டிருந்தீர்கள். நல்ல முயற்சி. ஆனால் கதையில் மூன்று இடங்களும் பெட்டிச் செய்தியில் இரண்டு இடங்களும் பிசகிவிட்டன. பெரிய வீட்டுப் பெண் ஒருவர் பொழுது போகாமல் முயல் வரைந்தார், ஒரு பதிப்பகத்தின் கண்ணில் பட்டது, புகழ் வந்தது என்ற வார்ப்பில் செய்தி போகிறது. நடந்தது வேறு. புத்தகத்தின் அளவு, விலை, பக்கத்துக்கு எத்தனை வரி, எந்த வரிக்கு எந்தப் படம் என்று எல்லாவற்றையும் தாமே முடிவு செய்தவர் அவர். கதை எழுதியவர் என்பதைவிடப் புத்தகம் செய்தவர் என்பதே பொருந்தும்.

பாட்டர் 1866 ஜூலை 28 அன்று லண்டனில் பிறந்தார். குடும்பச் சொத்து பருத்தித் துணியில் வந்தது. தாத்தா எட்மண்ட் பாட்டர் இங்கிலாந்தின் கிளாசப்பில் காலிகோ துணிக்கு அச்சுப் போடும் ஆலை நடத்தியவர். (காலிகோ என்ற பெயரே நம் கோழிக்கோட்டிலிருந்து போனதுதான்.) பீட்டர் கதை முதலில் ஒரு கடிதம். 1893 செப்டம்பர் 4 அன்று, தமக்கு முன்பு பாடம் சொல்லித்தந்த ஆனி மூரின் ஐந்து வயது மகன் நோயல் படுக்கையில் கிடந்தபோது, ஸ்காட்லாந்திலிருந்து அவனுக்குப் படம் போட்டு எழுதியது. சில ஆண்டுகள் கழித்து அதைப் புத்தகமாக்க நினைத்தபோது, பையன் பத்திரமாக வைத்திருந்த அந்தக் கடிதத்தை இரவல் வாங்கிப் படியெடுத்துக்கொண்டார். ஆறு பதிப்பகங்களாவது திருப்பி அனுப்பின. 1901 டிசம்பரில் சொந்தச் செலவில் 250 படிகள் அச்சிட்டார். முகப்புப் படம் மட்டும் வண்ணம், மற்றவை கறுப்புக் கோட்டோவியம். சில வாரங்களில் தீர்ந்து, மேலும் 200 படிகள் போட வேண்டியிருந்தது. ஆக, ஃபிரெடரிக் வார்ன் பதிப்பகம் ஒப்புக்கொண்டபோது இவர் கையில் விற்றுக் காட்டிய புத்தகமே இருந்தது. தங்கள் செய்தியில் விடுபட்ட முதல் விஷயம் இது.

பேரம் எதில் நின்றது என்பதுதான் சுவையானது. சில பதிப்பகத்தார் பெரிய அளவில், கூடுதல் விலைக்குப் புத்தகம் கேட்டார்கள். பாட்டர் மறுத்தார். ஆறு ஷில்லிங் கொடுக்கக் குட்டி முயல்களிடம் காசு ஏது என்று தெரிந்த குழந்தை ஒருத்திக்குக் கேலியாக எழுதியிருக்கிறார். ஒரு ஷில்லிங்குக்கு மேல் போகக்கூடாது, குழந்தையின் கைக்கு அடங்க வேண்டும், பக்கத்தைத் திருப்பும்தோறும் ஒரு படம் வேண்டும். இந்த மூன்றிலும் அவர் பிடி தளரவில்லை. வார்ன் கேட்டது முழு வண்ணம். வண்ணத்தில் போட்டால் விலை ஏறும் என்பதால் படங்களைக் குறைத்துக்கொள்ள அவர் சம்மதித்தார். ஏறக்குறைய 14 செ.மீ. உயரம், 11 செ.மீ. அகலம், எதிரெதிர்ப் பக்கங்களில் ஒன்றில் படம், ஒன்றில் சில வரிகள் என்று வடிவம் அமைந்தது. 1902 அக்டோபரில் வந்த முதல் பதிப்பு 8,000 படிகள், வெளிவரும் முன்பே கடைக்காரர்கள் சொல்லிவைத்து முடிந்துபோயின. அந்த ஆண்டு முடிவதற்குள் 28,000 ஆயிற்று.

அச்சுத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு சிக்கலான வேலை என்று புரியும். அன்றைய மூவண்ண முறையில் ஒரே ஓவியத்தை மூன்று வண்ணக் கண்ணாடி வழியாகத் தனித்தனியே படம் பிடித்து, மூன்று பிளாக் (அச்சுத் தகடு) செய்து, மஞ்சள், சிவப்பு, நீலம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடிப்பார்கள். கறுப்புக்குத் தனி பிளாக் கிடையாது. மூன்றும் சேர்ந்துதான் முயலின் பழுப்பு வரவேண்டும். ரெஜிஸ்டர், அதாவது மூன்று அச்சும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது, ஒரு மயிரிழை தவறினாலும் மீசை இரண்டாகத் தெரியும், கண்ணில் இருக்கும் ஒளிப்புள்ளி மறைந்துவிடும். வழவழப்பான பூச்சுத் தாள் இல்லாவிட்டால் படத்தை உருவாக்கும் மைப் புள்ளிகள் பரந்து பழுப்பெல்லாம் சேறாகிவிடும். தங்கள் பக்கத்தில் முயல் சேற்றில் விழுந்தது போலிருப்பதற்கு இதுவே காரணம்: ஏற்கெனவே புள்ளிகளாக அச்சான புத்தகத்தை ஸ்கேன் செய்து, பெரிதாக்கி, மறுபடி நியூஸ்பிரிண்டில் புள்ளியாக்கினால் இரண்டு புள்ளி வரிசைகளும் மோதிச் சல்லடைக் கோலம் விழும். மூல நீர்வண்ண ஓவியங்களிலிருந்து நேராக எடுத்த மறுபதிப்புகள் 1980களின் இறுதியிலிருந்து கிடைக்கின்றன. அவற்றிலிருந்து எடுங்கள், பெரிதாக்காதீர்கள். இன்னொன்று. பாட்டரின் படங்களுக்குச் சட்டம் கிடையாது. ஓரம் கரைந்து வெள்ளைத் தாளோடு கலக்கும், அந்த வெள்ளையும் படத்தில் சேர்த்தி. தங்கள் வடிவமைப்பாளர் அதைச் சதுரமாக வெட்டி மஞ்சள் பின்னணியில் ஒட்டியிருக்கிறார்.

வடிவத்தில் பாட்டரும் தோற்றதுண்டு. 1906-இல் மிகச் சின்னக் குழந்தைகளுக்கென்று இரண்டு கதைகளை நீளமான ஒரே பட்டையில் 14 படங்களாக அடித்து, மடித்து உறைக்குள் வைக்கும்படி செய்தார்கள். கடைக்கு வந்தவர்கள் பிரித்துப் பார்த்துவிட்டு மடிக்கத் தெரியாமல் வைத்துவிட்டுப் போனார்கள். கடைக்காரர்கள் வாங்கி வைக்கவே தயங்கியதால், பிறகு இரண்டும் சாதாரணப் புத்தகமாக மாறின.

இனி கதைக்கு வருகிறேன். தாங்கள் புதிதாக வரைவித்த படத்தில், தோட்டக்காரர் மெக்ரிகர் துரத்தும்போது முயல் நீலச் சட்டையோடு இரண்டு காலில் ஓடுகிறது. மூலத்தில் அப்படி ஓடவே முடியாது. பீட்டர் ஒரு செருப்பை முட்டைக்கோஸ் பாத்தியில் விடுகிறான், மற்றதை உருளைக்கிழங்குச் செடிகளுக்கு நடுவே விடுகிறான். செருப்பு போனதும் நாலு காலில் பாய்கிறான், வேகம் கூடுகிறது. தப்பித்திருப்பான், சட்டையின் பெரிய பித்தளைப் பொத்தான்கள் வலையில் மாட்டிக்கொள்கின்றன. சட்டையை உதறிவிட்டுத்தான் உயிர் பிழைக்கிறான். உடுப்பு இருக்கும்வரை நிமிர்ந்து நிற்கும் சிறுவன், உடுப்பு போனதும் தோட்டத்தில் ஒளியும் வெறும் முயல். அதன் பிறகு வரும் படங்களில் முதுகு வளைவு, பின்னங்கால் மடிப்பு, காது நிற்கும் கோணம் எல்லாம் உயிரியல் பாடநூலில் வைக்கும் அளவுக்குச் சரியாக இருக்கும். கடைசியில் அந்தச் சட்டையையும் செருப்பையும் மெக்ரிகர் சோளக்கொல்லை பொம்மைக்கு மாட்டிவிடுகிறார். முயலை மறுபடி உடுப்போடு வரைந்துவிட்டால் இந்தக் கதையில் மிச்சம் என்ன?

இந்தத் துல்லியம் சும்மா வந்ததல்ல. பாட்டரும் தம்பி பெர்ட்ரமும் முயல், எலி, முள்ளெலி, தவளை, பல்லி, வௌவால் என்று பாடம் படிக்கும் அறையிலேயே வளர்த்தார்கள். செத்த பிராணிகளை வேகவைத்து எலும்பைப் பிரித்தெடுத்து வரைந்து பழகினார்கள். அதனால்தான் உடுப்பு போட்டாலும் அதற்குள் உடல் சரியாக இருக்கிறது. தவளைக்கு ரப்பர் காலணி மாட்டலாம், தேரைக்குத் தலைமயிர் வைப்பது இயற்கைக்கு ஒவ்வாது என்பது அவர் வைத்திருந்த கணக்கு.

மொழிபெயர்ப்பில் வந்த பிசகுகள் இரண்டு. முதலாவது, பீட்டர் மாட்டிக்கொண்டது ‘நெல்லிக்காய் வலை’ என்கிறீர்கள். அகராதியில் கூஸ்பெர்ரிக்கு நெல்லி என்று போட்டிருப்பதால் வரும் வினை. நெல்லி மரம். அதன்மேல் யார் வலை போடுவார்கள்? போட்டாலும் தரையோடு ஓடும் முயல் எப்படி மாட்டும்? கூஸ்பெர்ரி இடுப்பளவு முட்புதர். பறவை கொத்தாமலிருக்க மேலே போர்த்தும் வலை தரைவரை தொங்கும். ‘பழப்புதருக்குப் போட்டிருந்த வலை’ என்றாலே போதும், குழந்தைக்குக் காட்சி தெரிந்துவிடும். இரண்டாவது இன்னும் வேடிக்கை. ‘உங்கள் அப்பாவை மெக்ரிகர் அம்மா பையில் போட்டுவிட்டார்’ என்று அச்சாகியிருக்கிறது. ஆங்கிலத்தில் உள்ள அந்தப் ‘பை’ (pie) கித்தான் பை அல்ல, மாவுக்குள் கறியை வைத்துச் சுடும் பலகாரம். பையில் போட்ட அப்பா ஒருநாள் திரும்பி வருவார் என்றே குழந்தை நினைத்துக்கொள்ளும். ‘அப்பாவைக் கறி சமைத்துவிட்டார்கள்’ என்று நேராகவே சொல்லலாம். பயந்துவிடும் என்று தயங்க வேண்டாம். முயல் கறி என்ன என்று நம் குழந்தைகளுக்கும் தெரியும். தாய் முயல் இதைப் பாட்டாகவோ புலம்பலாகவோ சொல்வதில்லை, கடைக்குக் கிளம்புகிற அவசரத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறாள். அந்த வறட்சிதான் பாட்டரின் நடை.

அவனா, அதுவா என்ற குழப்பமும் தங்கள் சுருக்கத்தில் இருக்கிறது. ஒரு பத்தியில் ‘பீட்டர் ஓடினான்’, அடுத்ததில் ‘முயல் ஓடியது’. உடுப்போடு இருக்கையில் அவன், உடுப்பு போனதும் அது என்று மாற்றினால் கதைக்குப் பொருந்துமே என்று தோன்றலாம். செய்து பார்த்தால் வாய்விட்டுப் படிக்கும்போது இடறும், ‘அது’ யார் என்று குழந்தைகள் கேட்பார்கள். முழுக்க அவன் என்றே வைத்து, மாற்றத்தைப் படத்திடம் விட்டுவிடுவதே நல்லது. பெரிய பட்டாணியை வாயில் கவ்விக்கொண்டிருக்கும் கிழ எலியிடம் பீட்டர் வழி கேட்பதும், வாய் நிறைந்திருப்பதால் அது தலையை மட்டும் ஆட்டுவதும், பீட்டர் அழத் தொடங்குவதும் ஒரே பக்கம்தான். இடம் போதவில்லை என்று தாங்கள் வெட்டியது அதைத்தான்!

பெட்டிச் செய்தியில் திருத்த வேண்டியவை. ‘பாசிக்காளான் என்பது பாசியும் பூஞ்சையும் சேர்ந்த கூட்டு வாழ்க்கை என்று முதலில் கண்டுபிடித்தவர்’ என்பது சரியல்ல. அந்தக் கருத்தை ஸ்விட்சர்லாந்தின் சைமன் ஷ்வெண்டனர் 1860களின் இறுதியிலேயே, பாட்டர் கைக்குழந்தையாக இருந்த காலத்தில், சொல்லிவிட்டார். பாட்டரின் சொந்த வேலை காளான் வித்துகளை முளைக்கவைத்து நுண்ணோக்கியில் பார்த்து வரைந்தது. அது பற்றிய கட்டுரை 1897 ஏப்ரல் 1 அன்று லண்டன் லின்னேயன் சங்கம் என்ற இயற்கை அறிவியல் சங்கத்தில் வைக்கப்பட்டது. அவர் அங்கே போய் வாசித்து அவமானப்பட்டதாகத் தாங்கள் எழுதியிருப்பதும் தவறு. பெண்களுக்குக் கூட்டத்தில் இடமே இல்லை. கியூ தாவரவியல் தோட்டத்தின் ஜார்ஜ் மாஸி அவர் சார்பில் முன்வைத்தார். பிறகு கட்டுரை திரும்பப் பெறப்பட்டது, இன்று அதன் படி கிடைக்கவில்லை. பெண் என்பதால் நேர்ந்த அலட்சியத்துக்கு நூறாண்டு கழித்து, 1997-இல் அந்தச் சங்கம் வருத்தம் தெரிவித்தது. அவரது காளான் ஓவியங்கள் ஆம்பிள்சைடில் உள்ள ஆர்மிட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. உள்ளதே போதுமான பெருமை, ஊதிப் பெரிதாக்கத் தேவையில்லை.

பண விஷயத்திலும் அவர் விவரமானவர். அமெரிக்காவில் பீட்டர் கதையைப் பதிப்புரிமைக்குப் பதிவு செய்யப் பதிப்பகம் தவறிவிட்டது. 1904 முதலே அங்கே திருட்டுப் பதிப்புகள் வந்தன, ஒரு காசு கிடைக்கவில்லை. அந்த அடி படுவதற்கு முன்பே, 1903 டிசம்பரில், தாமே தைத்த பீட்டர் பொம்மையை லண்டனில் பதிவு செய்திருந்தார். நிற்பதற்காகப் பாதத்தில் ஈயக் குண்டு வைத்துத் தைத்தது. இங்கே தங்களுக்கும் ஒரு தகவல்: இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள்வரை பதிப்புரிமை. பாட்டர் மறைந்தது 1943 டிசம்பர் 22. ஆகவே அவர் காலத்தில் வந்த கதைகளையும் படங்களையும் 2004 முதல் இங்கே யாரும் வெளியிடலாம். ‘அனுமதி பெற்று’ என்று தாங்கள் போட்டிருந்த வரி தேவையில்லை. ஆனால் பீட்டர் ராபிட் பெயரிலும் உருவத்திலும் வணிகச் சின்ன உரிமை தனியாக இருக்கிறது. பை, பென்சில் டப்பா என்று போட்டுப் பரிசு கொடுக்கப் போகிறீர்கள் என்றால் வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ராயல்டி எங்கே போனது என்பதைச் செய்தி ஒரே வரியில் ‘நிலம் வாங்கினார்’ என்று முடித்திருக்கிறது. 1905-இல் இங்கிலாந்தின் லேக் மாவட்டத்து நியர் சாரி ஊரில் ஹில் டாப் என்ற 34 ஏக்கர் பண்ணையில் தொடங்கினார். 1913-இல் வழக்கறிஞர் வில்லியம் ஹீலிஸை மணந்த பிறகு முழுநேரமும் பண்ணைக்காரர். 1920களில் வாங்கிய ட்ரவுட்பெக் பார்க், மலையும் சரிவுமாகப் பரந்த பெரும்பண்ணை. ஆடுகளுக்குக் கல்லீரல் தட்டைப்புழு கண்டிருந்த நிலையில் அதை எடுத்து நிமிர்த்தினார். அவர் வளர்த்தது ஹெர்ட்விக் இனம். குட்டி கறுப்பாகப் பிறந்து வளர வளரச் சாம்பலாகும், ரோமம் முரடு, மலைக் குளிரைத் தாங்கும். அந்த மலைகளில் வேலி கிடையாது. தன் மந்தையின் எல்லை எது என்பதைத் தாய் ஆட்டின் பின்னால் மேய்ந்தே குட்டி பழகும். மந்தையை ஒருமுறை விற்றுக் கலைத்துவிட்டால் புதிய ஆடுகளுக்கு எல்லை தெரியாமல் சிதறிவிடும். அதனால் பண்ணை கைமாறினால் மந்தையும் நிலத்தோடு போகும். 4,000 ஏக்கருக்கு மேல் நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அறக்கட்டளைக்கு விட்டுச்சென்றபோது, மலைப் பண்ணைகளில் கலப்பில்லாத ஹெர்ட்விக் மந்தை இருக்க வேண்டும் என்று உயிலில் அவர் எழுதியது இந்தக் காரணத்தால்தான். 1943-இல் ஹெர்ட்விக் வளர்ப்போர் சங்கத்துக்கு அடுத்த தலைவராகத் தேர்வாகியிருந்தார். பதவியேற்றிருந்தால் அச்சங்கத்தின் முதல் பெண் தலைவர். அதற்குள் காலமாகிவிட்டார்.

அடுத்த இதழில் பாட்டரின் ஜெமைமா வாத்து கதை வரப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் நரி, வாத்தையே அனுப்பி அதன் வயிற்றில் அடைக்கத் தேவையான வெங்காயமும் வாசனை இலைகளும் கொண்டுவரச் சொல்லும். எதற்கு என்று வாத்துக்குப் புரியாது, படிக்கும் குழந்தைக்குப் புரிந்துவிடும். காப்பாற்ற வந்த நாய்க்குட்டிகளே முட்டைகளைத் தின்றுவிடும். இவை இரண்டையும் வெட்டிவிடாதீர்கள். வெங்காயம் இரண்டு, மூலத்திலும் அதே கணக்குதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்