ரூட்டருக்கு இரண்டு கடவுச்சொற்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லை அவ்வப்போது மாற்ற வேண்டும் என்று உங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பகுதியில் படித்தேன். அறிவுரை சரிதான். ஆனால் அதில் பாதி விட்டுப்போயிருக்கிறது. விட்டுப்போன பாதிதான் பெரிது என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் தொலைபேசி இணைப்பகத்தில் தொழில்நுட்பப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். இணையம் வேலை செய்யாவிட்டால் அக்கம்பக்கத்தில் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். போகிற வீடுகளிலெல்லாம் பார்க்கிறேன்: கைபேசியிலும் தொலைக்காட்சியிலும் போடுகிற வைஃபை கடவுச்சொல் எல்லோருக்கும் தெரிகிறது. வீட்டுக்கு வரும் இணையத்தை வைஃபையாகப் பகிரும் பெட்டியான ரூட்டரின் அமைப்புகளுக்குள் நுழைவதற்கென்று வேறொரு கடவுச்சொல் இருப்பது பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை. முதலாவது ஒருவரை வீட்டுக்குள் வரவிடும். இரண்டாவது அவரைப் பூட்டையே மாற்றவிடும். அந்த இரண்டாவதுதான் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே, அட்மின் என்ற பெயரும் அட்மின் என்ற கடவுச்சொல்லுமாக, ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது.

அண்மையில் வயதான தம்பதியர் இருவர் வேகம் குறைந்துவிட்டது என்று அழைத்தார்கள். உலாவியில் ரூட்டரின் முகவரியான 192.168.1.1 என்பதைத் தட்டி, ரூட்டரின் அடிப்புறச் சீட்டில் இருந்த கடவுச்சொல்லைப் போட்டதும் நிர்வாகப் பக்கம் திறந்துகொண்டது. இணைந்திருந்த கருவிகளின் பட்டியலில் அவர்களுடையவை போக, யாருடையதென்றே தெரியாத கைபேசிகளும் இருந்தன. வைஃபை கடவுச்சொல்லாக அந்த ஐயாவின் கைபேசி எண்ணையே வைத்திருந்தார்கள். வெளியிலிருந்து ரூட்டரை இயக்கும் தொலைநிலை நிர்வாக வசதியும் திறந்தே இருந்தது. இணைப்புக் கொடுக்க வந்த இளைஞர், “நீங்கள் எதையும் தொட வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்வோம்” என்று சொல்லிப் போயிருக்கிறார். அதன்பிறகு யாரும் வந்து பார்க்கவில்லை.

கைபேசி எண்ணை ஏன் வைக்கக் கூடாது என்று அந்த அம்மா கேட்டார். ஒரு கருவி வைஃபையில் இணைகிற அந்தக் கணத்தில் நடக்கும் பரிமாற்றத்தை அருகிலிருக்கும் ஒருவர் பதிவு செய்துகொள்ள முடியும். பிறகு தன் கணினியில் உட்கார்ந்து, ஒவ்வொரு கடவுச்சொல்லாக அதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ரூட்டருக்கு இது தெரியவே தெரியாது. வெறும் எண்கள் என்றால் அந்தத் தேடல் வெகு சீக்கிரம் முடிந்துவிடும். வைஃபையைப் பூட்டிவைக்கும் டபிள்யூபிஏ2 என்ற பாதுகாப்பு முறையில் கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்துகள் வரை இருக்கலாம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக வைத்தால் நினைவிலும் நிற்கும், உடைக்கவும் எளிதில் முடியாது. அதைவிடப் புதிய டபிள்யூபிஏ3 இருக்கும் ரூட்டரில் அதையே தேர்ந்தெடுக்கலாம். பழைய டபிள்யூஇபி முறையை 2001-ஆம் ஆண்டிலேயே உடைத்துக் காட்டிவிட்டார்கள். அதை இன்னும் பட்டியலில் காட்டும் ரூட்டர் இருந்தால், அந்த ரூட்டரையே மாற்றுவது நல்லது.

டபிள்யூபிஎஸ் என்ற வசதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடவுச்சொல்லுக்குப் பதிலாக எட்டு இலக்க எண் ஒன்றைக் கொடுத்து இணையும் வழி இதில் உண்டு. எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்புகள் என்று தோன்றும். ஆனால் முதல் நான்கு இலக்கங்கள் சரியா தவறா என்பதை ரூட்டரே தனியாகச் சொல்லிவிடுகிறது. கடைசி இலக்கமோ மற்ற ஏழிலிருந்து கணக்கிடப்படுவது. ஆகவே 10,000 முறையும் 1,000 முறையுமாக, மொத்தம் 11,000 முறை முயன்றாலே போதும். 2011-ஆம் ஆண்டு இறுதியில் இந்த ஓட்டை வெளியே தெரிந்தது. கடவுச்சொல் எவ்வளவு நீளமானாலும் இந்த வழியைத் தடுக்காது. வசதியை அணைத்துவிடுவதுதான் தீர்வு.

வைஃபையின் பெயரை மறைத்துவைப்பதால் பயனில்லை. தேடுகிறவர்களுக்கு அது தெரிந்துவிடும்.

அந்த இரண்டாவது, அதாவது நிர்வாகக் கடவுச்சொல் போனால் என்ன போய்விடும் என்று சிலர் கேட்கிறார்கள். நாம் தட்டுகிற இணைய முகவரிகளை எண்களாக மாற்றித்தரும் டிஎன்எஸ் சேவை எதுவென்று சொல்வது ரூட்டர்தான். அதை ஒருவர் மாற்றிவிட்டால், வங்கியின் முகவரியை எழுத்துப் பிசகாமல் தட்டினாலும் போலிப் பக்கத்துக்குப் போய்ச் சேரலாம். உலாவி எச்சரிக்கும், அவசரத்தில் பலர் அந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பிரேசிலில் 2011-இல் தொடங்கி சுமார் 45 லட்சம் மோடம்களில் இப்படித்தான் டிஎன்எஸ் மாற்றப்பட்டது. அங்கே கதவைத் திறந்துவிட்டது மோடத்தின் உள்மென்பொருளில், அதாவது அந்தப் பெட்டியை இயக்கும் மென்பொருளில், இருந்த ஓட்டை. அதனால்தான் உள்மென்பொருளைப் புதுப்பிக்கச் சொல்கிறோம். நிர்வாகப் பக்கத்தில் அதற்கென்று பகுதி இருக்கும். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதி இருந்தால் அதை இயக்கிவிடலாம். 2016-இல் மிராய் என்ற தீம்பொருளுக்கு அந்தச் சிரமம்கூட இருக்கவில்லை. தொழிற்சாலைக் கடவுச்சொற்களின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு கேமராக்களிலும் ரூட்டர்களிலும் நுழைந்தது. அந்த அக்டோபரில் அது அடிமைப்படுத்திய கருவிகளைக் கொண்டே டைன் நிறுவனத்தின் டிஎன்எஸ் சேவையைத் தாக்கினார்கள். ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்குக் கிடைக்காமல் போயின. தங்கள் வீட்டுக் கருவியும் அதில் பங்கெடுத்தது அவற்றின் உரிமையாளர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இதற்காக வீட்டுக்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எழுபது வயதுக்காரர் நிர்வாகப் பக்கத்தைத் தேடிக் கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. பெட்டியை விற்பவரும் இணைப்புக் கொடுப்பவரும்தான் பொறுப்பேற்க வேண்டும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல் வைத்து விற்பதை பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டப்படி தடை செய்திருக்கிறது. கலிபோர்னியாவில் 2020 ஜனவரி முதலே இதற்குச் சட்டம் இருக்கிறது. எனவே இது முடியாத காரியம் அல்ல.

இணைப்புக் கொடுக்க வருபவர், வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, இரண்டு கடவுச்சொற்களையும் அவர் கையாலேயே மாற்றவைத்த பிறகுதான் கிளம்ப வேண்டும். கம்பி வழியாக இணைத்த கணினியிலிருந்து செய்வது நல்லது. வைஃபை வழியாகச் செய்தால் கடவுச்சொல்லை மாற்றியவுடன் இணைப்பு அறுந்துபோகும், ஏதோ கெட்டுவிட்டது என்று வீட்டார் பயந்துவிடுவார்கள். தொலைநிலை நிர்வாகத்தையும் டபிள்யூபிஎஸ்ஸையும் அப்போதே அணைத்துவிடலாம். விருந்தினருக்கும், மலிவு விலைக் கேமரா போன்ற கருவிகளுக்கும் தனி வலையமைப்பு ஒன்றைத் திறந்து கொடுக்கலாம். சில நிறுவனங்கள் நிர்வாகக் கடவுச்சொல்லைத் தாங்களே வைத்துக்கொள்கின்றன. வீட்டார் அதைக் கேட்டு வாங்க வேண்டும். தர மறுத்தால், உள்மென்பொருளை யார், எப்போது புதுப்பிப்பார்கள் என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

மாற்றிய கடவுச்சொற்களை ஒரு நோட்டில் எழுதி அலமாரியில் வைப்பதில் தவறில்லை. மறந்துபோனால் ரூட்டரின் பின்புறத் துளையில் குண்டூசியை அழுத்தி மீட்டமைக்கலாம். ஆனால் அப்படிச் செய்தால் பழைய தொழிற்சாலைக் கடவுச்சொல் திரும்ப வந்துவிடும், இணைப்புக்கான பயனர் பெயரும் அழிந்துபோகலாம். அந்தப் பயனர் பெயரையும் அதே நோட்டில் எழுதிவைக்கச் சொல்லி, படங்களுடன் ஒரு செய்முறைப் பக்கத்தை உங்கள் தொழில்நுட்பப் பகுதியில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொலைபேசிப் பணியாளர் ஒருவர்