ஏரிக்கரைக்குப் போகும் ஜெனரேட்டர்

தருமபுரி

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் செந்தூரா மாம்பழக் கூடையும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. பழங்கள் தீர்ந்துவிட்டன, கடிதத்துக்குத்தான் பதில் பாக்கி. கிருஷ்ணகிரியில் உன் தெருமுனையைத் தொட்டுப் போகும் 44ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தே ஸ்ரீநகர் வரை ஓட்டி, சோஜி லா கணவாயைக் கடந்து, லே வழியாக லடாக்கின் பாங்கோங் ஏரிக்கரையில் நான்கு இரவுகள் கூடாரமடிக்கப் போகிறாய் என்பதைப் படித்தபோது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. என் கடையிலுள்ள 2,000 வாட் பெட்ரோல் ஜெனரேட்டரை இரவல் கேட்டிருக்கிறாய். தாராளமாக எடுத்துப் போ. ஆனால் அரிசிக் குக்கர், மின்கெண்டி, விளக்குகள், உன் அண்ணன் உறங்கும்போது மாட்டிக்கொள்ளும் மூச்சுக் கருவி என்று நீ எழுதியிருக்கும் பட்டியலை அது அங்கே சுமக்காது.

தகட்டில் பொறித்துள்ள 2,000 என்பது சற்று நேரத்துக்கான உச்ச அளவு. தொடர்ந்து ஓட அது தருவது 1,600 வாட். அதுவும் கடல் மட்டத்துக்கான கணக்கு. காற்றில் பிராணவாயுவின் பங்கு எங்கே போனாலும் 21 விழுக்காடுதான் என்றாலும், மேலே போகப் போகக் காற்றே மெலிந்துவிடுவதால் எஞ்சின் ஒவ்வொரு முறை மூச்சிழுக்கும்போதும் உள்ளே போகும் காற்றின் எடை குறைகிறது. 300 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ மூன்றரை விழுக்காடு வலிமை போய்விடும். நம் வத்தல்மலைக்குத் திருவிழா விளக்குகளுக்காக இதே இயந்திரத்தைக் கொண்டுபோனபோது இந்தக் குறைவு கண்ணில் படவே இல்லை. பாங்கோங்கோ 4,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே கிட்டத்தட்டப் பாதி போய்விடும். 800 வாட் கையில் நின்றால் அதிகம். 1,500 வாட் மின்கெண்டியைச் செருகினால் ஜெனரேட்டர் ஒரு முறை முனகிவிட்டு நின்றுவிடும்.

இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டதாக எண்ணிவிடாதே. முன்பு நான் அந்தப் பக்கம் போனபோது, கார்கில் வரை ஒழுங்காக ஓடிய இயந்திரம் ஏரிக்கரையில் கரும்புகையாகக் கக்கியது. வழியில் கலப்படப் பெட்ரோலைப் போட்டுவிட்டார்கள் என்று, ஒரு பாவமும் அறியாத பங்க்காரரை மனதார வைதேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், விளக்குச் சுடரில் காட்டி எடுத்த கண்மைபோலக் கரி அப்பியிருந்தது. பெட்ரோலைக் காற்றுடன் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர், கீழ்நாட்டில் கொடுத்த அதே அளவுப் பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டிருக்க, அதை எரிக்கப் போதிய காற்று இல்லை என்பதே உண்மை. உடன் வந்த ஓட்டுநர் ஒருவர் சொன்னார் என்று ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். இயந்திரம் என்னவோ ஓடியது. ஆனால் லடாக்கின் மாவுபோன்ற புழுதி உள்ளே போய்ச் சிலிண்டரைத் தேய்த்ததற்கு ஊர் திரும்பியபின் தண்டம் அழுதேன். அந்த யோசனையை யார் சொன்னாலும் கேட்காதே.

முறையான வழி மெயின் ஜெட்டை மாற்றுவதுதான். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினால், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய பித்தளைத் திருகு ஒன்று, குண்டூசி நுழையவும் தயங்கும் துளையுடன் நடுவில் இருக்கும். எஞ்சினுக்குப் பெட்ரோலை அளந்து விடும் ஜெட் அதுதான். அதை எடுத்துவிட்டு, இன்னும் சிறிய துளையுள்ளதைப் பூட்ட வேண்டும். இதனால் புகை அடங்கும், பெட்ரோல் மிச்சமாகும், பிளக் பிழைக்கும். போன வலிமை மட்டும் திரும்பாது. சிறிய ஜெட்டுடன் கீழே இறங்கி ஓட்டினால் தொல்லை தலைகீழாகும். லேயில் ஒரு மெக்கானிக் மாற்றித் தந்த ஜெட்டைத் திருப்பி மாற்ற மறந்து, இங்கே ஒரு கோயில் விழாவில் ஓட்டியபோது, எஞ்சின் ஏறியும் இறங்கியும் ஊசலாட, குழல்விளக்குகள் கண்சிமிட்டின. உள்ளே போகும் காற்றைக் குறைக்கும் சோக்கைப் பாதி இழுத்துப் பிடித்தால் மட்டும் ஓட்டம் சீரானது. பெட்ரோல் பற்றாமல் எஞ்சின் தகித்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

இனிச் சொல்வதைத்தான் நீ ஒன்றுக்கு இரண்டு முறை படிக்க வேண்டும். குளிரும் காற்றும் அடிக்கும்போது, இயந்திரத்தைக் கூடார வாசலுக்கு இழுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டவே வேண்டாம். கூடாரத்திலிருந்து ஆறு மீட்டருக்குக் குறையாத தொலைவில், புகைக்குழாய் காற்று போகும் திசையில் வெளியே பார்த்தபடி இருக்கட்டும். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. தலைவலி, குமட்டல், சோர்வு என்று அது காட்டும் குறிகள் அந்த உயரத்தில் யாருக்கும் வருகிற மலைநோயின் குறிகளேதான். ஆகவே ‘உயரத்துக்குப் பழகவில்லை’ என்று சொல்லிக்கொண்டே ஒருவர் புகையில் மயங்கிக் கிடக்க முடியும். இரவில் அனைவரும் உறங்கும்போது ஜெனரேட்டர் ஓடவே கூடாது.

அப்படியானால் அண்ணனின் கருவிக்கு என்ன செய்வது என்று கேட்பாய். ஈரப்பதமூட்டியை அணைத்துவிட்டால் அது சுமார் 40 வாட்தான் எடுக்கும், எட்டு மணி நேரத்துக்கு 320 வாட்-மணி. 500 வாட்-மணி கொள்ளும் லித்தியம் பேட்டரிப் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு, பகலில் இரண்டு மணி நேரம் ஜெனரேட்டரை ஓட்டி நிரப்பிவிடு. உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது என்பதால், வண்டிக்குள் வைத்து வெயில் ஏறிய பிறகு செருகு. அந்த உயரத்துக்கு அண்ணன் வரலாமா என்பதை மட்டும் அவருடைய மருத்துவரிடமே கேட்டுக்கொள்.

அரிசிக் குக்கரை வீட்டிலேயே விட்டுவிடு. 300 மீட்டருக்குச் சுமார் ஒரு டிகிரி என்ற கணக்கில், அங்கே தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். பொங்கும், ஆனால் சோறு வேகாது. விசில் வைக்கும் பிரஷர் குக்கரும் மண்ணெண்ணெய் அடுப்பும் எடுத்துப் போ. என் தங்கைதான் அதை முதலில் சொன்னாள், நான் கேட்காமல் மூன்று நாள் நறுக்கரிசி தின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்து இயந்திரத்தை எடுத்துக்கொள். புதுப் பிளக் இரண்டும், அடிக்கிண்ணத்துக்கான வாஷரும் சேர்த்து வைத்திருக்கிறேன். சிறிய ஜெட்டை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு, ‘லேயில் மாட்டு, ஸ்ரீநகரில் கழற்று’ என்று சீட்டு எழுதிக் கைப்பிடியிலேயே கட்டிவிட்டேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்