கிளிக்கூண்டைத் திறந்துவிடுபவர்கள் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜோசியக்காரரிடமிருந்து பிடுங்கிய கிளியையும் சந்தையில் காசு கொடுத்து வாங்கிய கிளியையும் மெரினாவில் பறக்கவிடும் காணொளிகள் வாட்ஸ்அப்பில் அவ்வப்போது சுற்றுகின்றன. கைதட்டல்களோடு அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அதன் பிறகு அந்தப் பறவைக்கு என்ன ஆகிறது என்பதை யாரும் படம் எடுப்பதில்லை.

ஜோசியக் கிளியின் இறக்கையை விரித்துப் பாருங்கள். ஓரத்தில் இருக்கும் பத்து நீள இறகுகளில் பல, கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டப்பட்டிருக்கும். இறகு நம் நகம் போல வளர்ந்துகொண்டே இருப்பதில்லை. வெட்டுப்பட்ட அடித்தண்டு தானாக உதிர்ந்த பிறகுதான் புதியது முளைக்கும். அதற்குப் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறைதான் பருவம். சீக்கிரம் முளைக்கட்டும் என்று தண்டைப் பிடுங்கினால் இறகுக்குழி சேதமாகி, அந்த இடத்தில் இறகே வராமல் போகலாம். இறகு முழுதாக இருந்தாலும், சிறு கூண்டில் கிடந்த கிளியின் மார்புத் தசை சூம்பியிருக்கும். கொஞ்ச தூரம் பறப்பதற்குள் மூச்சு வாங்கி, தாழ்வான கிளையிலோ தரையிலோ உட்கார்ந்துவிடும். இந்த ஊரில் அப்படி உட்கார்ந்த கிளியைக் காகம் விடாது. காகம் விட்டால் பூனை.

அதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. நெரிசலான கூண்டுகளில் சிட்டகோசிஸ் கிருமி எளிதில் பரவும். மனிதருக்கும் தொற்றி நுரையீரலைத் தாக்கும். அலகையும் இறகையும் சிதைக்கும் வைரஸும் உண்டு. பரிசோதிக்காமல் விட்ட ஒரு கிளி, இரண்டையும் மரத்தில் இருக்கும் கூட்டத்துக்குக் கொண்டுபோகும்.

முறையாகச் செய்தால் இது மாதக்கணக்கில் ஆகும் வேலை. குறைந்தது 30 நாள் தனிமைப்படுத்தி எச்சத்தைப் பரிசோதிக்க வேண்டும். சோற்றையும் நெல்லையும் குறைத்து, கொய்யா, வேப்பம்பழம் என்று வெளியில் கிடைப்பதைத் தின்னப் பழக்க வேண்டும். இறகு வளர்ந்ததும், நீளவாக்கில் பறந்து திரும்ப இடமுள்ள பெரிய கூண்டுக்கு மாற்ற வேண்டும். பல தடவை பறந்த பிறகும் அலகைத் திறந்து இரைக்காமல் இருந்தால்தான் அது தயார். விடும்போதும் ஒற்றையாக விடக் கூடாது. சேர்ந்து வளர்ந்த கூட்டமாக, காட்டுக்கிளிகள் வந்துபோகும் இடத்தில், விடிகாலையில் விட்டு, சில வாரம் அங்கேயே தீனி வைக்க வேண்டும்.

கிளியாவது பறவை என்பது எல்லோருக்கும் தெரியும். நட்சத்திர ஆமையைக் கோயில் குளத்தில் விடும் புண்ணியவான்களை என்ன சொல்வது? அது புதர்க்காட்டுத் தரை ஆமை. நீந்தத் தெரியாது, மூழ்கிச் சாகும். கன்னத்தில் சிவப்புக் கோடுள்ள அலங்கார ஆமையின் கதை நேர்மாறு. அது அமெரிக்காவிலிருந்து வந்தது. குளத்தில் நன்றாகப் பிழைத்துக்கொண்டு, நம் ஊர் ஆமைகளின் உணவையும் வெயில் காயும் இடத்தையும் பறித்துக்கொள்ளும். தொட்டியில் இடம் போதவில்லை என்று கொளத்தூர் மீன் கடையில் வாங்கிய, பாசி தின்னும் ‘டேங்க் கிளீனர்’ மீனை ஏரியில் விடுவதும் இதே ரகம்.

காசு கொடுத்து வாங்கி விடுவதில் இன்னொரு கேடு. வியாபாரிக்கு நீங்கள் விடுதலை வீரரில்லை, வாடிக்கையாளர். காலியான கூண்டுக்கு அடுத்த மரப்பொந்திலிருந்து குஞ்சுகள் வரும்.

விலங்குகளைக் காப்பாற்றச் சட்டத்தை மீறியே ஆக வேண்டும் என்ற கட்டம் வரலாம்; அதை மறுக்க முடியாது. 1930இல் ராஜாஜி தலைமையில் வேதாரண்யத்தில் உப்பு அள்ளியவர்களும் சட்டத்தைத்தான் மீறினார்கள். ஆனால் பட்டப்பகலில் அள்ளி, அடியையும் சிறையையும் தாங்களே ஏற்றார்கள். யாருடைய உடம்பு அந்த விலையைக் கொடுக்கிறது என்பதுதான் என் கேள்வி. 1998 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ‘விலங்கு விடுதலை முன்னணி’யினர் ரோமத்துக்காக விலங்கு வளர்க்கும் ஒரு பண்ணைக்குள் புகுந்து, கீரி போன்ற மிங்க்குகளில் சுமார் 6,000ஐ அவிழ்த்துவிட்டார்கள். பல சாலையில் அடிபட்டன, பல சுடப்பட்டன. உயிரோடு திரிந்தவை அக்கம்பக்கத்துக் கோழிகளையும் பறவைகளையும் கொன்றன. காட்டு மரங்களை வெட்டவிடாமல் தடுக்க அவற்றில் ஆணி அறைவது இன்னொரு வழி. 1987இல் கலிஃபோர்னியாவின் க்ளோவர்டேல் மர அறுவை ஆலையில், மரத்தில் அறைந்திருந்த ஆணியில் பட்டு ரம்பம் தெறித்து ஒரு தொழிலாளியின் தாடை உடைந்தது. ஆணியை அடித்தது யார் என்பது கடைசிவரை நிரூபணமாகவில்லை. மர முதலாளிக்கு ஒரு கீறலும் இல்லை. காட்டைக் காக்கப் போராடிய ‘எர்த் ஃபர்ஸ்ட்’ இயக்கத்தின் வட கலிஃபோர்னிய ஆட்களே, தங்களில் ஒருவரான ஜூடி பாரியின் முயற்சியால் 1990இல் இந்த வழியைக் கைவிட்டதாக அறிவித்தார்கள். 2004இல் ஸ்டாஃபோர்ட்ஷயரில் சோதனைக்காகக் கினிப்பன்றி வளர்த்த குடும்பத்தை மிரட்ட, அவர்களின் உறவினரான, இறந்துபோன மூதாட்டியின் உடலைக் கல்லறையிலிருந்து தோண்டி எடுத்தவர்களும் உண்டு. மூவருக்குத் தலா 12 ஆண்டு சிறை.

இவற்றோடு ஒப்பிட்டால் 1981இல் அமெரிக்காவின் சில்வர் ஸ்பிரிங் சோதனைக்கூடத்தில் விலங்குரிமை ஆர்வலர் அலெக்ஸ் பச்சேகோ செய்தது சாதுவாகத் தெரியும். அங்கே வேலைக்குச் சேர்ந்து, குரங்குகளின் நிலையைப் படம் எடுத்து, போலீசிடம் கொடுத்து, சாட்சியும் சொன்னார். விளைவு, 1985இல் அந்நாட்டின் விலங்கு நலச் சட்டமே திருத்தப்பட்டது. நம் ஊரிலும் விலங்கு நல அமைப்பான ‘ப்ளூ க்ராஸ்’ 1964இல் தொடங்கிய நாய் கருத்தடைத் திட்டத்தை, 1996இல்தான் மாநகராட்சி நாய்களைக் கொல்வதற்குப் பதிலாக ஏற்றது. முப்பது வருடத்துக்கு மேல் மனுவும் பேச்சுவார்த்தையும். அதைப் படம் எடுத்துப் பகிர யாருக்கும் பொறுமை இருந்திருக்காது.

பச்சைக்கிளியை வளர்ப்பதும் விற்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022 திருத்தத்துக்குப் பிறகு 3 ஆண்டு வரை சிறையோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். பிடிபட்ட பறவை அரசின் சொத்து; உங்கள் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிடமோ தெரிவிக்க வேண்டும். ஆகவே இடம், தேதி, நேரம், கூண்டுகளின் எண்ணிக்கை தெரியும்படி படம் எடுத்துப் புகார் கொடுங்கள். விழுந்து கிடக்கும் கிளியைத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து இருட்டில் வையுங்கள். அலகில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், நுரையீரலுக்குப் போய்விடும்.

வனத்துறைக்கும் ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் மீட்ட பறவையை எங்கே ஒப்படைப்பது என்று தெரியாததால்தான் பலர் பக்கத்து மரத்தில் விட்டுவிட்டுப் போகிறார்கள். ஒப்படைக்கும் இடம், நேரம், தொலைபேசி எண் மூன்றையும் பறவை விற்கும் சந்தைகளின் வாசலில் தமிழில் எழுதி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கால்நடை மருத்துவர்,
வேளச்சேரி, சென்னை – 42