பேரை எழுதிப் பாக்காதீங்க, கூப்பிட்டுப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் கடிதங்கள் பகுதியில ஒரு வாசகர், வாய்ல நுழையாத வெளிநாட்டுப் பேரை பிள்ளைங்களுக்கு வைக்கிறதெல்லாம் வெறும் மோகம், தமிழ்ப் பேரா வச்சுட்டா தீந்துச்சுன்னு எழுதியிருந்தார். படிச்சதும் சுருக்குன்னு இருந்துச்சு. என் பொண்ணு பேரு ஸோயி. கிரேக்கத்துல உயிர்னு அர்த்தம். ரெண்டு தடவை கரு தங்காம மூணாவதா பொறந்தவ, அதனால தேடிப் பிடிச்சு வச்ச பேரு, மோகம்லாம் இல்லைங்க.

ஆனா அவர் சொன்னதுல பாதி உண்மை இருக்கு, அதை ஒத்துக்கத்தான் இந்த லெட்டர்.

நாங்க பண்ண தப்பு, பேரை கண்ணால பாத்து செலக்ட் பண்ணினோம். இங்கிலீஷ்ல Zoë, மூணே எழுத்து, கடைசி எழுத்து மேல ரெண்டு புள்ளி, பாக்க அவ்ளோ அழகு. அந்தப் புள்ளி அலங்காரத்துக்கு இல்ல, கடைசி எழுத்தை முழுங்காம தனியா சொல்லுங்கன்னு காட்டுறதுக்கு. ஆனா பாஸ்போர்ட்ல கீழ மெஷின் படிக்கிற ரெண்டு வரி இருக்கே, அதுல பேருக்கு ஏ-லேர்ந்து இசட் வரைக்கும் அந்த 26 எழுத்துதான், மேல புள்ளி வைக்கிற கதையே கிடையாது, நிறைய ஆன்லைன் ஃபார்ம்லயும் அப்படித்தான். புள்ளி போச்சா, ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் எடுக்குறவங்க பாதிப் பேர் "ஸோ"ன்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க.

வீட்ல வேற மாதிரி. இசட் சத்தத்துக்கு தமிழ்ல எழுத்தே இல்ல, ஸ போட்டாலும் ஒட்டாது ஜ போட்டாலும் ஒட்டாது. எங்கம்மா வாய்ல அது "சோயி"ன்னு வந்துச்சு, நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா நான் சும்மா இருக்கணும்ல? ஒவ்வொரு தடவையும் சோயி இல்லம்மா, வண்டு பறக்குற சத்தம் மாதிரி சொல்லுன்னு திருத்திட்டே இருந்தேன். நாலஞ்சு மாசம் கழிச்சுதான் கவனிச்சேன், அம்மா அந்தப் பேரை சொல்றதையே விட்டுட்டாங்க. பாப்பா, குட்டி, போன்ல பேசினா "உன் பொண்ணு சாப்ட்டாளா". சொந்தப் பேத்தியைப் பேர் சொல்லிக் கூப்பிட பயம், அந்த பயத்தை உண்டாக்கினது நான்.

அதுக்காக தமிழ்ப் பேரா வச்சுட்டா தீந்துச்சுன்னு அந்த வாசகர் சொல்றதும் சரியில்ல, பிள்ளை எங்க வளருதுங்கிறதைப் பொறுத்தது அது. யாழினியை இங்கிலீஷ்ல எழுதிக் குடுங்க, ழ தெரியாதவங்க அந்த இசட்டைப் பாத்துட்டு என்னென்னமோ படிப்பாங்க. பூங்கொடிக்கு முதல் எழுத்தே ஆபத்து, இங்கிலீஷ் பேசுற சின்னப் பசங்களுக்கு பூன்னா ஆய். பையனுக்கு பென்னு வச்சா நம்ம காதுல பெண்ணுன்னு விழுது. ஐரிஷ்ல நீவ்னு ஒரு பேர் இருக்கு, சொல்றதுக்கு எவ்ளோ சுலபம், ஆனா எழுதியிருக்கிறதைப் பாத்தா நாம நியாம்னுதான் படிப்போம்.

இன்னொண்ணு. வெளி மொழிப் பேரை வளைச்சு சொல்றது நமக்கு ஒண்ணும் புதுசில்ல, அதுல கேவலமும் இல்ல. லக்ஷ்மணனை இலக்குவன்னும் விபீஷணனை வீடணன்னும் கம்பர் எழுதலையா, தமிழ் பைபிள்ல ஜான் யோவானா, நவோமி நகோமியா வரலையா. கம்பருக்கு ஒரு நியாயம் எங்கம்மாவுக்கு ஒரு நியாயமான்னு இப்ப என்னையே கேட்டுக்குறேன், அப்ப தோணலை.

ஐஸ்லாந்துல 1996-ல போட்ட பேர் சட்டப்படி புதுசா ஒரு பேர் வைக்கணும்னா அது அவங்க மொழியோட வேற்றுமை உருபுக்கு ஒத்துவரணுமாம், இல்லன்னா பேரைப் பாக்குறதுக்குன்னே இருக்குற கமிட்டி வேணாம்னு சொல்லிடும். சட்டம் போடறது எனக்குப் பிடிக்கலை, ஆனா அந்த டெஸ்ட் நல்லா இருக்கு. வீட்ல நாமளே பண்ணலாம், பேர் பின்னாடி ஐ, கு, ஓட எல்லாம் சேத்து கடகடன்னு சொல்லிப் பாருங்க. ஸோயியை, ஸோயிக்கு, ஸோயியோட, தப்பிச்சேன். ஜேக்னு வச்சிருந்தா ஜேக்குக்குன்னு விக்கல் எடுத்த மாதிரி இருந்திருக்கும்.

இப்ப அவளுக்கு அஞ்சு வயசு. ஸோன்னாலும் திரும்புறா ஸோயின்னாலும் திரும்புறா. போன மாசம் பாட்டிகிட்ட அவளே போய் "என்னை சோயின்னு கூப்பிடு பாட்டி, அது உன் பேரு"ன்னு சொல்லியிருக்கா. அம்மா என்னை ஒரு பார்வை பாத்துட்டுதான் கூப்பிட்டாங்க.

ரெண்டாவது குழந்தை வர்ற மாசம் பொறக்கப் போகுது. மூணு பேர் யோசிச்சு வச்சிருக்கோம், அதுல ஒண்ணு கொஞ்சம் வெளிநாட்டு சத்தம்தான். இந்த ஞாயித்துக்கிழமை அம்மாவுக்கு போன் போட்டு மூணையும் சொல்லப் போறேன். எழுதி அனுப்ப மாட்டேன். அவங்க வாய்ல எப்படி வருதோ அப்படித்தான் அந்தப் பேர்.

இப்படிக்கு,
ஸோயியின் அம்மா, அதாவது சோயியின் அம்மா