ஆண்டுக்கு ஒரு நாள் அந்த வாசலைத் திறந்து விடுங்கள்

சென்னை உயர் நீதிமன்ற நிர்வாகத்துக்கும், அதன் கட்டடங்களைப் பராமரிக்கும் பொதுப்பணித் துறைக்கும்,

வணக்கம்.

மண்ணடியில் பிறந்து வளர்ந்தவன் நான். அப்பா வக்கீல் குமாஸ்தா. பள்ளி விடுமுறையில் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் ஹைகோர்ட்டுக்குள் நடந்திருக்கிறேன். சிவப்புச் செங்கல், வண்ணக் கண்ணாடி ஜன்னல், முடிவே இல்லாதது போல நீளும் தாழ்வாரம். இன்று வழக்கு இல்லாதவர்கள் அதையெல்லாம் வெளியே பஸ்ஸிலிருந்து பார்ப்பதோடு சரி.

ஆண்டுக்கு ஒரு முறை, ஒரு நாள் முழுக்க எல்லா வாசல்களையும் பூட்டுகிறீர்கள். வளாகத்தின் வழியே போகிறவர்கள் நாளைக்கு அதைப் பொதுவழி என்று உரிமை கொண்டாடக் கூடாது என்பதற்கான பழைய வழக்கம். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நான் கேட்பது இன்னொரு நாள். அன்று எல்லோருக்கும் திறந்து விடுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால், இந்த ஊர் ஒரு பழைய கோர்ட்டை ஏற்கெனவே தொலைத்துவிட்டது. கடற்கரைச் சாலையில், அதாவது இன்றைய ராஜாஜி சாலையில், பெண்டிங்க் கட்டடம் இருந்தது. 1817-லிருந்து மதராஸ் சுப்ரீம் கோர்ட் அங்கேதான் நடந்தது. 1862-ல் உயர் நீதிமன்றம் பிறந்ததும் அங்கேதான். 30 வருஷம் அதே கூரைக்குக் கீழ் இயங்கியது. 1870-களின் பிற்பகுதியில் தி. முத்துசாமி ஐயர் இந்த நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக அமர்ந்தபோதும் இன்றைய கட்டடம் கிடையாது. பிறகு பெண்டிங்க் கட்டடம் கலெக்டர் ஆபீஸ் ஆனது, அப்புறம் இடிபட்டது. அந்த இடத்தில் இன்றைய கலெக்டர் ஆபீஸான சிங்காரவேலர் மாளிகை நிற்கிறது. பட்டா விஷயமாக அங்கே வருகிற எத்தனை பேருக்கு இது தெரியும்?

இன்றைய வளாகத்தின் கதை இன்னும் பழையது. ஜார்ஜ் கோட்டையை ஒட்டி, உள்ளூர் மக்கள் குடியிருந்த பழைய கறுப்பர் பட்டணம் இந்தப் பக்கம்தான் இருந்தது. சென்னகேசவப் பெருமாள் கோயிலும் இங்கேதான். 1750-களின் பிற்பகுதியில் பிரெஞ்சுக்காரர்களுக்குப் பயந்து, கோட்டையைச் சுற்றி வெட்டவெளி வேண்டும் என்று கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கோயிலையும் வீடுகளையும் அகற்றினார்கள். பெருமாள் பூக்கடைப் பக்கம் குடிபோனார். அந்த மண்ணின் மேல்தான் 1888-ல் வேலை தொடங்கி, 1892 ஜூலை 12 அன்று இன்றைய நீதிமன்றம் திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் பிராசிங்டன் வரைந்ததை ஹென்றி இர்வின் முடித்தார் என்று எழுதுகிறவர்கள், கட்டிக் கொடுத்த நம்பெருமாள் செட்டியை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது மனத்தாங்கல்தான். கணித மேதை ராமானுஜன் தன் கடைசி நாட்களைக் கழித்த சேத்துப்பட்டு வீடும் இந்தச் செட்டியாருடையதுதான்.

நீதிமன்றத்தின் உச்சிக் கோபுரம் வெறும் அழகுக்கு எழுப்பியது இல்லை. 1894-லிருந்து 1977-ல் மெரினா கலங்கரை விளக்கம் வரும்வரை கப்பல்களுக்கு வழி காட்டிய விளக்கு அதில் எரிந்தது. அதற்கு முன் 1844-லிருந்து அந்த வேலையைச் செய்த கல்தூண் இன்னும் வளாகத்துக்குள்ளேயே நிற்கிறது. ஒரே வளாகத்தில் இரண்டு கலங்கரை விளக்கம்! 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சுட்ட குண்டுகளில் ஒன்று இந்த வளாகத்துச் சுவரைத் தாக்கியது. 'அவன் பெரிய எம்டன்' என்று இன்றும் பேசுகிறோம். அந்தச் சொல் வந்த கதையை, குண்டு விழுந்த சுவர்ப் பக்கமே நின்று ஒரு பள்ளிப் பிள்ளை கேட்டால் எப்படி இருக்கும்!

பாதுகாப்பு பற்றிய உங்கள் கவலை நியாயமானது. முன்பதிவு வைத்துக்கொள்ளுங்கள், அடையாள அட்டை கேளுங்கள், சோதித்து உள்ளே விடுங்கள். ஜூலை 12-ஐ ஒட்டி வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், கோர்ட் வேலையும் கெடாது. கூடவே பழைய கல்தூண், எம்டன் சுவர், சிங்காரவேலர் மாளிகை வாசல், இந்த மூன்று இடத்திலும் நல்ல தமிழில் பலகை வையுங்கள்.

சுற்றிக்காட்ட ஆள் தேட வேண்டாம். ஓய்வு பெற்ற குமாஸ்தாக்கள் மண்ணடியிலும் தம்பு செட்டித் தெருவிலும் இருக்கிறார்கள். எந்தப் படி எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். கூப்பிட்டால் வருவார்கள்.

இப்படிக்கு,
மண்ணடிவாசி ஒருவன்