கல் விடுகிற மூச்சு: சிமென்ட் ஆலைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சிமென்ட் ஆலை நடத்துகிறவர்களுக்கு, வாளையார்க்காரன் எழுதுவது. வணக்கம்.

எங்கள் தாத்தா சுண்ணாம்புக் காளவாயில் வேலை பார்த்தவர். ஒரு வண்டிக் கல்லைச் சுட்டால் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் தேறும், மிச்சத்தைக் கேட்டால் "கல்லு மூச்சு விட்டுடுச்சு" என்பார். 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லில் 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும் என்று பள்ளியில் படித்தபோதுதான் எனக்கு அந்தக் கணக்கு புரிந்தது. (அவர் வெள்ளையடித்த சுவர் அதே வாயுவைக் காற்றிலிருந்து இழுத்துத் திரும்பக் கல்லாகும். இந்தக் குணத்தை வைத்தே, ஆலைப் புகையிலிருந்து அந்த வாயுவைப் பிடிக்க கால்சியம் லூப்பிங் என்று ஒரு முறையைச் சோதித்து வருகிறார்கள்.)

உங்கள் ஆலை விடும் கரியமில வாயுவிலும் ஏறக்குறைய 60 சதவீதம் கல்லின் மூச்சுதான். கரிக்குப் பதில் உமி எரிக்கிறோம், கூரையில் சோலார் போட்டோம் என்கிறீர்கள், நல்லது, ஆனால் கல்லுக்கு அது மருந்தில்லை. அந்த வாயுவைப் புகைபோக்கியிலேயே பிடித்தாக வேண்டும். கார்பன் பிடிப்பு என்பது இதுதான்.

பிடிக்கவும் முடிகிறது. நார்வேயின் பிரெவிக் சிமென்ட் ஆலையில் ஆண்டுக்கு 4 லட்சம் டன் பிடிக்கும் அமைப்பை 2025இல் திறந்தார்கள். அமீன் என்கிற ரசாயனக் கரைசல் புகையிலிருந்து வாயுவை உறிஞ்சும், அப்புறம் 120 டிகிரி பக்கம் சூடாக்கினால் கக்கிவிட்டுத் திரும்ப வேலைக்கு வரும். அந்தச் சூடுதான் பெரிய செலவு. பிரெவிக்கில் சூளையின் வீண் வெப்பத்தையே இதற்குத் திருப்பிவிட்டு, அது எட்டுகிற அளவுக்கு, அதாவது ஆலை வாயுவில் பாதியை மட்டும் பிடிக்கிறார்கள். அந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது. இதற்கென்றே தனியாக ஒரு கரி பாய்லர் வைத்தால் (நம் ஆட்கள் வைப்பார்கள்!) சல்லடையில் தண்ணீர் அள்ளின கதைதான்.

சரி, பிடித்ததை எங்கே வைப்பீர்கள்? அவர்கள் திரவமாக்கிக் கப்பலில் ஏற்றி, வடகடலின் அடித்தரைக்கும் கீழே 2,600 மீட்டர் ஆழத்துக்கு அனுப்புகிறார்கள். நம் கணவாயில் காற்று உண்டு, கடல் இல்லை. தூத்துக்குடியில் ஒரு ரசாயன ஆலை 2016இலேயே பாய்லர் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்கிற அளவுக்கு அமைப்பு போட்டது என்றால், கண்ணாடிக்கும் சோப்புத்தூளுக்கும் போகிற சோடா ஆஷ் செய்ய அந்த வாயுவுக்கு அங்கேயே தேவை இருந்தது.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கார்பன் பிடிப்பு வருகிறது என்று பேனர் கட்டும் முன்னால், எத்தனை டன் பிடிப்பீர்கள், சூடு எங்கிருந்து, டேங்கர் எந்த ஊருக்குப் போகும் என்று ஆலை வாசலில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ஒட்டுங்கள். நான் சைக்கிளில் வந்து படித்துக்கொள்கிறேன்.